ஒன்பது கம்பி, எட்டு கப்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூன்று வருடமாக ரைடர்-வெயிட் என்ற பழைய சீட்டுக்கட்டை வைத்துத்தான் டாரட் (படச்சீட்டு எடுத்துக் குறி சொல்வது) பார்க்கிறேன். போன மாதம் ஆன்லைனில் ஒரு புதுக் கட்டு வாங்கினேன். வெளிநாட்டு ஓவியர் வரைந்தது, முழுக்கச் சமையலறை. ஒரு சீட்டில்கூட மனித முகம் கிடையாது. தோழி ஒருத்தி “ஓசூர் கம்பெனி வேலையை விட்டுடலாமா?” என்று கேட்டாள். நிலைமை, தடை, யோசனை என்று மூன்று சீட்டு எடுத்தேன்.

முதலாவது எயிட் ஆஃப் கப்ஸ், அதாவது எட்டாம் கோப்பை. ஸ்டாண்டில் கழுவிக் கவிழ்த்த எட்டு கப், பக்கத்தில் பின்கதவு லேசாகத் திறந்திருக்கிறது. ஸ்டாண்டில் கம்பி மட்டும் ஒன்பது, அச்சுப் பிழை போல. இரண்டாவது ஹேங்டு மேன், தொங்கும் மனிதன். ஜன்னலில் தலைகீழாகத் தொங்கும் தழைக்கட்டு, போகிக்கு நாம் கூரையில் செருகும் காப்பு மாதிரியே இருக்கிறது. மூன்றாவது ஃபோர் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், நான்காம் வாள். சுவரில் மூன்று கத்தி, கீழே இழுப்பறையில் துணி விரித்து ஒரு கத்தி. “வீடு சுத்தமா இருக்கு, காப்பு கட்டியிருக்கு, கத்தியெல்லாம் அடங்கியிருக்கு, வேலையை விடாதே” என்று சொல்லிவிட்டேன். பிறகு கையேட்டைப் பிரித்தால் எயிட் ஆஃப் கப்ஸுக்கு “கிளம்பு” என்று ஒரே சொல்! எங்கே தப்புப் பண்ணினேன்? இப்படி இஷ்டத்துக்குப் படத்தை மாற்ற ஓவியருக்கு உரிமை உண்டா?

– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

*

அன்புத் தங்கைக்கு,

அந்த ஒன்பதாவது கம்பி அச்சுப் பிழை இல்லை. பழைய கட்டிலிருந்து அதே சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தில் கீழ்வரிசையில் ஐந்து கோப்பை, மேல்வரிசையில் மூன்று. மேல்வரிசையில் இன்னொரு கோப்பை வைக்கிற அளவுக்கு ஒரு சந்து இருக்கும். சிவப்பு மேலாடை போட்ட ஒருவர் கோலூன்றி, எல்லாவற்றுக்கும் முதுகு காட்டி நடக்கிறார். உங்கள் ஓவியர் அந்த ஆளை எடுத்துவிட்டார், அந்த இடைவெளியை விட்டுவைத்தார். காலியாக நிற்கும் கம்பிதான் அந்தச் சந்து. ஆள் போன வழி பின்கதவு.

நீங்கள் தப்புப் பண்ணியது இங்கேதான். அறை எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்கள், அறையில் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. கப் கழுவிக் கவிழ்த்தாயிற்று என்றால் புழக்கம் முடிந்தது என்று அர்த்தம். ஆள் இல்லாத கட்டுகளில் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. பொருள்களை எண்ணுவோம், வினைச்சொல்லைத் தேட மாட்டோம். ஒவ்வொரு சீட்டுக்கும் முதலில் ஒரு வினைச்சொல் எழுதுங்கள்: கிளம்புதல், தொங்குதல், கிடத்துதல். அழகு, அமைதி, சுத்தம் என்று பண்புப் பெயர் வந்தால் அது ஓவியரின் கைவண்ணத்தைப் பற்றிய பாராட்டு, சீட்டின் பொருள் அல்ல. பூனைகளை வைத்து வரைந்த கட்டில், பத்து வாள் குத்திக் கிடக்கும் பத்தாம் வாள் எவ்வளவு கொஞ்சலாக இருந்தாலும் அது பத்தாம் வாள்தான்.

நம் பக்கத்து நடுகற்களைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்களில் வீரன் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நிற்பான். பக்கத்தில் மாடு இருந்தால் ஆநிரைச் சண்டை, எதிரே புலி இருந்தால் புலிகுத்திக் கல். மாறாத உருவத்தைத் தெரிந்துகொண்டு, மாறியதைப் படிக்கிறோம். புதுக் கட்டையும் அப்படித்தான் படிக்க வேண்டும்: எதை வைத்துக்கொண்டார், எதை எடுத்தார், எதைச் சேர்த்தார்.

காப்புக்கு வருகிறேன். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துச் செருகும் ஊரில் பிறந்தவருக்குத் தழைக்கட்டைப் பார்த்ததும் காவல் என்று தோன்றுவது இயல்பு. அதைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் வரிசையில் மூன்றாவதாக வையுங்கள். முதலில் சீட்டின் எண்ணும் இனமும் (கோப்பை, வாள், கோல், பென்டகிள்), அடுத்து ஓவியர் செய்த மாற்றம், அப்புறம் நம் வீட்டு நினைவு. ஸ்மித்தின் பன்னிரண்டாம் சீட்டான ஹேங்டு மேனில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். முகத்தில் வலி இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். அவன் தொங்கும் மரத்தில் இலை துளிர்த்திருக்கிறது, அதனால் அது தூக்குமரம் இல்லை. இப்போது ஜன்னலைப் பாருங்கள். தழைக்கட்டுக்குப் பின்னால் வெளிச்சம் விழுந்தால் அதுதான் ஒளிவட்டம். மூலிகையைத் தலைகீழாகக் கட்டுவது உலர்த்துவதற்கு. ஈரம் போகும், வாசனை நிற்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். ஆக, காவல் இல்லை, காத்திருப்பு.

நான்காம் வாளில் ஓவியர் கணக்கைக்கூட மாற்றவில்லை. ஸ்மித்தின் படத்தில் கல்லறை மேல் கைகூப்பிக் கிடக்கும் வீரனுக்கு மேலே சுவரில் மூன்று வாள், கீழே பக்கவாட்டில் ஒன்று. இங்கேயும் மூன்றும் ஒன்றும்தான். “கத்தி அடங்கியிருக்கிறது” என்று நீங்கள் சொன்னது கிட்டத்தட்ட சரி. விட்டது ஒன்றுதான்: இழுப்பறைக்குள் கிடக்கும் கத்தி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் இழுப்பறை மூடவில்லை. ஓய்வுதான், ஓய்வுபெறுதல் இல்லை. வேண்டும்போது எடுப்பதற்காகவே துணி விரித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றையும் கோத்தால்: தோழி மனதளவில் அந்த வேலையை விட்டு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டார். தடையாக இருப்பது இன்னும் உலராத ஏதோ ஒன்று. யோசனை, கத்தியை இப்போது எடுக்காதே என்பது. கையேட்டின் “கிளம்பு” முதல் சீட்டுக்கு மட்டும் பொருந்தும், உங்கள் “விடாதே” மூன்றாவது சீட்டில் பாதி. சேர்த்துச் சொன்னால், ராஜினாமா எழுதும் முன் கையிலிருக்கும் லீவைப் போட்டு ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், கையில் எத்தனை மாதச் செலவுக்குக் காசு இருக்கிறது என்பதெல்லாம் அவர்தான் கணக்குப் போட வேண்டும், எந்தச் சீட்டிலும் அது இல்லை.

இனி அந்தக் கட்டைப் பழக்கும் வேலை. கேள்வி எதுவும் கேட்காமல் 78 சீட்டையும் தரையில் பரப்புங்கள். மேஜர் எனப்படும், இனம் இல்லாத சீட்டு 22 தனியாக, மீதி 56 நான்கு வரிசையாக, வரிசைக்குப் பதினான்கு. ஒவ்வொரு இனத்தின் முதல் சீட்டான நான்கு ஏஸ்களையும் முதலில் பாருங்கள். எந்தப் பொருள் எந்த இனம் என்று ஓவியர் அங்கேதான் சொல்லியிருப்பார். சமையலறைக் கட்டில் குழப்பம் வரும் இடம் கிண்ணம். அது கோப்பையா, நாணயம் போன்ற வட்டத் தட்டின் இனமான பென்டகிளா? கரண்டியும் கத்தியும்கூட மாறும்; வழக்கமாக நெருப்பு கோலுக்கு, காற்று வாளுக்கு, ஆனால் சில ஓவியர்கள் நெருப்பை வாளுக்கும் காற்றைக் கோலுக்கும் மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்து மேஜரில் எட்டையும் பதினொன்றையும் பாருங்கள். எட்டு ஸ்ட்ரெங்த், பதினொன்று ஜஸ்டிஸ் என்றால் வெயிட் வழி, அதாவது உங்கள் பழைய கட்டின் வழி. திருப்பிப் போட்டிருந்தால் பெரும்பாலும் அதைவிடப் பழைய மார்செய் கட்டுகளின் வழி. ஸ்ட்ரெங்த் இருக்க வேண்டிய இடத்தில் ‘லஸ்ட்’, டெம்பரன்ஸுக்குப் பதில் ‘ஆர்ட்’ என்று இருந்தால் தோத் என்ற வேறொரு கட்டின் வழி. அப்போது ஸ்மித்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் ஒட்டாது. உங்களுடையது ஸ்மித் வழி என்பதற்கு அந்த ஒன்பதாவது கம்பி ஒன்றே போதும்.

பிறகு தினம் ஐந்து சீட்டு, பழைய கட்டின் ஜோடியோடு. வைத்தது, எடுத்தது, சேர்த்தது என்று மூன்று வரி எழுதினால் பதினாறு நாளில் முடியும். ‘எடுத்தது’ வரியை மட்டும் காலியாக விடாதீர்கள். அதுவரை தலைகீழாக விழுந்த சீட்டுக்குத் தனி அர்த்தம் பார்க்காதீர்கள். ஆளில்லாமல் சாமான்களை மட்டும் வரைந்த படங்களில் மேல்கீழ் ஏமாற்றும். கவிழ்த்த கப் இருக்கும் சீட்டு தலைகீழாக விழுந்தால் கப் நிமிர்ந்து நிற்கும், பார்வைக்கு நேராக விழுந்த மாதிரியே தோன்றும். படத்தை விட்டு எண்ணைப் பார்த்துத்தான் திசையை முடிவு செய்ய வேண்டும்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் மூலம் என்று நினைக்கும் 1909 கட்டே பெரிய மாற்றம்தான். அதற்கு முன் புழக்கத்திலிருந்த மார்செய் வகைக் கட்டுகளில் எட்டாம் கோப்பை என்றால் எட்டுக் கோப்பை அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். கிளம்பிப் போகிற ஆளை வரைந்தவர் ஸ்மித். அவரும் எல்லாவற்றையும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. இதயத்தைத் துளைக்கும் மூன்று வாள் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா கட்டிலேயே இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. இவ்வளவுக்கும் கட்டுக்குப் பதிப்பாளர் ரைடர் பெயரும் எழுதிய வெயிட் பெயரும்தான் நிலைத்தன, வரைந்தவள் பெயர் வெகுகாலம் சேரவில்லை.

அந்த மூன்றாம் வாளையே அடுத்து எடுத்துப் பாருங்கள். சமையலறையில் இதயத்துக்கு எங்கே போவார்? தக்காளியைக் குத்தி வைத்திருந்தால் ராயக்கோட்டைக்காரர்கள் அன்றைய விலையை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள், அது வேறு கதை. ஸ்மித்தின் படத்தில் பின்னால் மேகமும் மழையும் உண்டு. உங்கள் சீட்டில் எங்காவது குழாய் சொட்டுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
தருமபுரி