தேவனின் கையைக் கட்டுவது எது?

கேள்வி: மாயாஜாலத் தொடர்கதை ஒன்று எழுதுகிறேன். அதில் ஒரு தேவன் சாதாரணப் போர்வீரன் ஒருவனை அழிக்கத் துடிக்கிறான். விரலை அசைத்தாலே வீரன் சாம்பலாகிவிடுவானே! தேவனின் பலத்தைக் குறைக்காமல் வீரனைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பலத்தில் கை வைக்காதீர்கள், அதைப் பயன்படுத்த விடாத ஒரு கட்டைப் போடுங்கள். தேவனைக் கொல்லும் அபூர்வ வாள், கழுத்தில் ரகசியப் புள்ளி என்றெல்லாம் போனால், உங்கள் தேவன் கொஞ்சம் பெரிய மனிதனாகச் சுருங்கிவிடுவான்.

மகாபாரதத்தில் இந்திரன் கர்ணனிடம் வந்த இடத்தைப் பாருங்கள். வஜ்ராயுதம் ஏந்தியவன், தேவர்களுக்கே அரசன், அந்தணர் வேடத்தில் வந்து கவச குண்டலங்களை யாசிக்கிறான். சூரியன் கனவில் வந்து எச்சரித்தும், கர்ணன் தெரிந்தே அறுத்துக் கொடுக்கிறான். ஆனால் பதிலுக்குச் சக்தி ஆயுதத்தைக் கேட்கிறான். இந்திரனால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒருமுறைதான் பயன்படும் என்ற நிபந்தனையோடு கொடுக்கிறான். மகன் அர்ஜுனனைக் காப்பாற்ற வந்தவன், அவனையே கொல்லக்கூடிய ஆயுதத்தை எதிரியின் கையில் விட்டுப் போகிறான்! அது கடோத்கசன் மேல் பாயும்வரை கிருஷ்ணனுக்கே தூக்கமில்லை. இந்திரனின் பலம் இங்கே துளிகூடக் குறையவில்லை. வாங்கியதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் கிடையாது.

வரம் இன்னொரு கட்டு. தேவர்களால் சாகக் கூடாது என்று ராவணன் வாங்கிய வரத்தை பிரம்மாவே மீற முடியாது. மனிதர்களை அவன் பொருட்படுத்தாமல் விட்டதால்தான் திருமால் மனிதனாகப் பிறக்க வேண்டியிருந்தது.

கிரேக்கக் கதைகளில் கட்டு வேறு மாதிரி. ட்ராய் போரில் தன் மகன் சர்பெடான் சாகப்போவது தேவர்களின் அரசன் ஜீயஸுக்குத் தெரியும். காப்பாற்றிவிடலாமா என்று தவிக்கிறான். 'செய், ஆனால் நாங்கள் யாரும் ஒப்ப மாட்டோம். அப்புறம் மற்ற தேவர்களும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக நினைப்பார்கள்' என்கிறாள் அவன் மனைவி ஹீரா. ஜீயஸ் அடங்கிப்போகிறான், ரத்தத் துளிகளை மழையாகப் பெய்கிறான். மகன் சாகிறான்.

ஆகவே அடுத்த அத்தியாயத்துக்கு முன் உங்கள் தேவன் யாருக்கு, எப்போது, என்ன வாக்குக் கொடுத்தான் என்று முடிவு செய்யுங்கள். அதை மீறினால் அவன் எதை இழப்பான் என்பதையும் வாசகருக்குச் சீக்கிரமே காட்டிவிடுங்கள். வீரன் ஆபத்தில் சிக்கிய பிறகு சொன்னால், அவனுக்காக அவசரமாகச் சேர்த்த விதி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.