தங்கை பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்

சகோ, சுனாமி அன்று காலை அப்பா வீட்டில் இருந்தார் என்கிறீர்கள் நீங்கள்; மீன் வாங்கப் போயிருந்தார் என்கிறார் தங்கை. இதற்காகவா ஆறு மாதமாகப் பேசவில்லை? மனசு கஷ்டமாக இருக்கிறது.

1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர், செய்தியை எங்கே கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்துக் கேட்டபோது பலருடைய பதில் அடியோடு மாறியிருந்தது. அவர்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

பாட்டி இறந்த இரவு நான் பிடித்திருந்த அரிக்கேன் விளக்கு, அதன் கரி படிந்த கண்ணாடி, இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்று நான் ஊரிலேயே இல்லை என்கிறது அம்மாவின் டைரி.

சரி, அப்பாவின் நண்பர் யாரிடமாவது கேளுங்கள். 'வீட்டில்தானே இருந்தார்?' என்று எடுத்துக் கொடுக்காமல், 'அன்று என்ன நடந்தது?' என்று மட்டும். அதற்கு முன் தங்கைக்கு ஒரு போன் போடுங்கள்.