தோட்டத்துக் குட்டைத் தவளையைத் தீனி போட்டுப் பழக்க முடியுமா?

முடியும். பெங்களூரில் மழை பிடித்ததும் அவை தானாகவே வந்துவிடும். பழகுவது என்றால் நம்மைக் கண்டு தண்ணீருக்குள் பாயாமல் இருப்பது, அவ்வளவுதான். கோயில் வாசல் புறா நம் காலடியில் பொரி கொத்துகிற மாதிரி: பயம் போயிருக்கும், பாசம் என்று சொல்ல முடியாது.

சோறு, பிஸ்கட் எல்லாம் வீண். தவளைக்கு அசைவதுதான் இரை. செத்த ஈ முன்னால் கிடந்தாலும் கண்டுகொள்ளாது. மண்புழுவை மழுங்கிய இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டுங்கள். முறைத்துப் பார்க்கும், உடம்பைத் திருப்பும், அப்புறம் நாக்கு பளிச்சென்று வந்து போகும். இருட்டுகிற வேளைதான் தோது. அதைவிடச் சுலபம், குட்டையருகே ஒரு விளக்கு. பூச்சிகள் தேடி வரும்.

கையில் மட்டும் எடுக்காதீர்கள், சோப்பும் கொசுக் களிம்பும் அதன் தோல்வழியே உள்ளே போய்விடும். தவளையைத் தொட்டால் மரு வரும் என்பது தவறு. மரு மனிதரிடையே பரவும் வைரஸால் வருவது.