வீட்டில் சொல் கேட்கும் நாய், ரோட்டில் ஏன் கேட்பதில்லை?

வீட்டில் 'விடு' என்றால் விடுகிற நாய், லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கோழியைக் கண்டால் கயிற்றை அறுக்கப் பார்க்கிறது என்கிறீர்கள். இடம் மாறினால் நாய்க்கு அது புதுப் பாடம்தான். முற்றத்திலும் ரோட்டிலும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் 'விடு' பாடத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். மூடிய கைக்குள் பிஸ்கட் துண்டை வைத்துக் காட்டுங்கள். முகரும், நக்கும், பிறாண்டும், பேசாமல் இருங்கள். மூக்கை எடுத்த அந்தக் கணமே "சரி" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து கடலை அளவு அவித்த கோழி. கைக்குள் இருந்ததையே கொடுத்தால், கொஞ்சம் பொறுத்தால் அது கிடைக்கும் என்று படித்துவிடும். மூக்கை எடுக்கப் பழகிய பிறகுதான் 'விடு' என்ற சொல்லைச் சேருங்கள். 10 தடவையில் 8 சரியானால் துண்டைத் தரையில் வையுங்கள், பாய்ந்தால் காலால் மூடலாம்.

ரோட்டில் தூரம்தான் முக்கியம். கோழியைப் பார்த்துக்கொண்டும் தீனி வாங்குகிறதா? அந்தத் தூரத்தில் தொடங்குங்கள், 30 மீட்டரானாலும் சரி. வாங்க மறுத்தால் கிட்டப் போய்விட்டீர்கள், திரும்பி நடங்கள். தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் கட்டாக்காலி நாய் எதிரே வந்தால் ஒதுங்க இடமிருக்காது, ஆகவே முதலில் அகலமான ரோடு.

2 மீட்டர் சாதாரணக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் ரகம் இழுக்கத்தான் பழக்கும். கயிறு இறுகியதும் 'நில்லு' என்று ஒரே தடவை சொல்லி நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடை. நாலு தடவை கத்தினால் நாலாவதுக்குத்தான் நிற்கும்.

இருட்டு நேரத்தில் காட்டோரம் வேண்டாம். சிறுத்தை நாயையும் பிடிக்கும்.