குரோமில் திரை மூலையில் எழும் விளம்பரங்கள்: அறிவிப்பு அனுமதியைப் பாருங்கள்

வணக்கம். வைரஸ் ஸ்கேனில் எதுவும் சிக்காத பிறகும், திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது" என்று குரோம் விளம்பரங்கள் எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வருபவை பெரும்பாலும் வைரஸ் அல்ல; "ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய 'அனுமதி'யை அழுத்துங்கள்" என்று கேட்ட ஏதோவொரு தளத்துக்கு அறியாமல் கொடுத்துவிட்ட அறிவிப்பு அனுமதியின் விளைவு. ஒவ்வொரு அறிவிப்பிலும் அதை அனுப்பும் தளத்தின் முகவரி சிறிய எழுத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, குரோம் செட்டிங்ஸில் தனியுரிமை, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகச் சென்று, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலிலிருந்து அந்த முகவரியையும் நீங்கள் அறியாத மற்றவற்றையும் நீக்குங்கள். விளம்பரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கிளிக் செய்யாதீர்கள். அதிலுள்ள "சரிசெய்" பொத்தான் மோசடித் தளத்துக்கே அழைத்துச் செல்லும். அதன் பிறகும் பக்கங்களுக்கு நடுவே விளம்பரம் வந்தால், எக்ஸ்டென்ஷன்கள் (குரோமில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்கள்) அனைத்தையும் அணைத்துவிட்டு, எதனால் விளம்பரம் வருகிறது என்று அறிய ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.