நாலு ஏக்கர் செம்பனைக்குக் கார்பன் பணமா? கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

கேள்வி: பினாங்கின் நிபோங் திபால் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் செம்பனை இருக்கிறது. மரத்துக்குப் பதினெட்டு வயது. குலை முன்போல் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்தார். மண்ணில் கார்பனைச் சேர்த்துவைத்தால் மாதாமாதம் பணம் வரும், உரத்தை நிறுத்திவிட்டு எங்கள் திரவத்தை ஊற்றுங்கள் என்கிறார். 2026-இல் வரும் கார்பன் வரி சிறுதோட்டக்காரர்களுக்கும் உண்டு, இப்போதே பதிந்தால் தப்பிக்கலாம் என்றும் சொன்னார். பதிவுக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்), 500 கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் 30 வருடத்துக்கு. பக்கத்துத் தோட்டத்தின் மண் பரிசோதனை அறிக்கைகளையும் காட்டினார்: ஒரே வருடத்தில் 1.5 என்பது 2.6 ஆகியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? — வாசகர், செபராங் பிறை

பதில்: போடாதீர்கள். மீதி 1,300 வெள்ளியையும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் படம் பிடித்து அனுப்பிய அந்த இரண்டு அறிக்கைகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வித்தை அங்கேதான் இருக்கிறது. முதல் அறிக்கையில் 1.5 என்று போட்டிருப்பது மண்ணில் கார்பன் எத்தனை விழுக்காடு என்ற அளவு. இரண்டாவதில் 2.6 என்று போட்டிருப்பது மக்குப் பொருளின், அதாவது இலை தழை மக்கி மண்ணில் சேர்ந்ததின், அளவு. மக்குப் பொருளில் ஏறக்குறைய 58 விழுக்காடுதான் கார்பன். அதனால் ஆய்வுக்கூடத்தில் கார்பன் அளவை 1.72-ஆல் பெருக்கி மக்குப் பொருள் அளவைச் சொல்வது பழைய வழக்கம். 1.5-ஐப் பெருக்கிப் பாருங்கள், 2.58 வரும். அந்தத் தோட்டத்து மண் ஒரு வருடத்தில் ஒரு துளிகூட மாறவில்லை. போன வருடம் கிலோவில் நிறுத்ததை இந்த வருடம் பவுண்டில் நிறுத்து, எடை இரண்டு மடங்காகிவிட்டது என்று கைதட்டுகிற கதைதான். இனி யார் அறிக்கை காட்டினாலும் இரண்டு தாளிலும் ஒரே அளவைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மண்ணை எத்தனை ஆழத்தில் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். மேல் நாலு அங்குல மண்ணில் எப்போதுமே கார்பன் கூடுதலாக இருக்கும். முதல் வருடம் ஓரடி ஆழம், மறு வருடம் நாலு அங்குலம் என்று எடுத்தால் ஒன்றும் செய்யாமலே ‘வளர்ச்சி’ காட்டலாம்.

சரி, கணக்கு நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வரும்? ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு ஏறக்குறைய 1,450 டன் மண் இருக்கிறது. அதில் கார்பன் 0.1 விழுக்காடு கூடினால் 1.45 டன். சந்தையில் விற்பது கரியமில வாயுக் கணக்கில் என்பதால் 3.67-ஆல் பெருக்க வேண்டும்: 5.3 டன். நாலு ஏக்கருக்கு 21 டன். அந்த 0.1-ஐக் கூட்டவே சில வருடங்கள் பாடுபட வேண்டியிருக்கும். பங்குச்சந்தை நிறுவனமான பர்சா மலேசியா 2022 டிசம்பரில் தொடங்கிய கார்பன் சந்தையில் (நிறுவனங்கள் தங்கள் புகைக்கு ஈடாக, மற்றவர்கள் சேமித்த கார்பனை வாங்கும் இடம்), சபாவின் குவாமுட் காட்டுத் திட்டத்துக் கார்பன் 2024-இல் டன் 50 ரிங்கிட்டுக்கு ஏலம் போனது. அந்த விலையே உங்களுக்கும் கிடைத்தாலும் ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட். அதுவும் மாதத்துக்கு அல்ல, அத்தனை வருடத்துக்கும் சேர்த்து. அதற்குள் அளப்பது, சரிபார்ப்பது, பதிவது என்று ஆகும் செலவு உங்கள் நாலு ஏக்கரையே விழுங்கிவிடும்.

குவாமுட் எவ்வளவு பெரியது தெரியுமா? 83 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். இந்தச் சந்தை அந்த அளவுக்காகக் கட்டியது. மண்ணைக் காப்பாற்றுங்கள் என்று சிறுதோட்டக்காரர்களிடம் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஆனால் நூறு பேரின் நாலு நாலு ஏக்கரைச் சேர்த்து ஒரே கணக்காக அளந்து கொடுக்க யாரும் உருப்படியாக வழி செய்யவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் இந்தத் தரகர்கள் நுழைகிறார்கள்.

வரி பற்றிச் சொன்னது வெறும் பூச்சாண்டி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த கார்பன் வரி இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களுக்கானது. உங்கள் செம்பனைக்கு அல்ல.

எனக்குப் பெரிய கவலை அந்த 1,800 வெள்ளி அல்ல, 30 வருடம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், நிலத்தின் மீது தங்களுக்கு உரிமை உண்டு என்று நில அலுவலகத்தில் கவியட் போட்டுக்கொள்ள நீங்கள் சம்மதிப்பதாக ஒரு வரி இருக்கும். கவியட் விழுந்தால் ஆறு வருடம் வரை நிற்கும். அதுவரை நிலத்தை விற்கவோ, வங்கியில் வைக்கவோ, மகள் பெயருக்கு மாற்றவோ முடியாமல் திண்டாடுவீர்கள். எடுக்க வேண்டுமென்றால் வக்கீல், நீதிமன்றம், அலைச்சல். பவர், அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கொடுங்கள் என்றால் இன்னும் மோசம்.  அப்புறம், அப்பா விட்டுப்போனது என்கிறீர்கள், கிராண்ட் (நிலப்பட்டா) இன்னும் அவர் பெயரில்தானா? அப்படியானால் முதலில் நில அலுவலகத்தில் புசாகா (வாரிசுச் சொத்து) மனு கொடுங்கள். வரிசை நீளம்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குறையும்தான், ஆனாலும் கொடுங்கள்.

குலை ஏன் குறைந்தது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. உரத்தை நிறுத்தச் சொன்னாரே, அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு டன் கார்பன் மண்ணில் மக்காக நிலைக்க ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜன் வேண்டும். உரமில்லாமல் பட்டினி கிடக்கும் மரம் கார்பனை எங்கிருந்து கொண்டுவரும்? வெட்டிய மட்டையை ஒரு சந்து விட்டு ஒரு சந்தில் அடுக்கிவையுங்கள், எரிக்காதீர்கள். உரத்தில் ஒரு பங்கை அந்த மட்டைக் குவியலின் மேல் போடுங்கள். ஒரு குவியலைப் புரட்டிப் பாருங்கள், கீழே வெள்ளை வெள்ளையாகச் சல்லிவேர் படர்ந்திருக்கும். ஆலையில் வெறுங்குலை (பழம் உதிர்த்த குலை) கிடைத்தால் ஒரு லோரி வாங்கிப் பரப்புங்கள். களைமருந்தை மரத்தைச் சுற்றியும் நடைபாதையிலும் மட்டும் அடியுங்கள். இடையில் நிற்கும் புல்லும் பெரணிச்செடியும் மண்ணுக்குக் குடை. நாலு ஏக்கரையும் மொட்டையடித்தால்தான் சுத்தம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் நிலம் கடலோரக் களிமண்ணா? பாரிட் (வடிகால்) ஓரத்தில் மூன்றடி தோண்டிப் பாருங்கள். கருஞ்சாம்பல் களியில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கீற்றுகள் தெரிந்தாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ, அது அமில சல்பேட் மண்ணாக இருக்கலாம். பாரிட்டில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து, ஓரத்தில் துருப் படிந்திருப்பதும் ஓர் அடையாளம். அழகாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். அமிலத்தில் கரைந்த அலுமினியம் களியைக் கீழே படியவைத்ததால் வந்த தெளிவு அது. இந்த மண்ணில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஒரு பொருள் தண்ணீருக்கடியில் சும்மா இருக்கும். காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். பெக்கோ (மண்வெட்டி இயந்திரம்) வைத்துப் பாரிட்டை ஆழப்படுத்தினால் நீங்களே காற்றைக் கூப்பிட்டு உள்ளே விடுகிறீர்கள். பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) 3.5-க்குக் கீழே போய்விடும், வேர் கருகும். அதன்பிறகு எத்தனை மூட்டை சுண்ணாம்பு கொட்டினாலும் ஈடுகட்டுவது கடினம், திரவத்தைக் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் பாரிட்டில் தடுப்பு வைத்து, நிலத்தடித் தண்ணீரை ஏறக்குறைய இரண்டடிக்குள் நிறுத்துங்கள். இதில் மட்டும் மழைக்காலம் முடிந்து பார்ப்போம் என்று தள்ளாதீர்கள், காய்ந்த மாதங்களில்தான் அமிலம் உருவாகும்.

எந்த மண் என்று தெரிந்துகொள்ள விவசாய இலாகாவில் மண் பரிசோதனை செய்யலாம். பத்துப் பதினைந்து இடத்தில் ஓரடி ஆழத்துக்கு எடுத்து, வாளியில் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். உரம் போட்ட வட்டத்துக்குள் எடுக்காதீர்கள். பிஎச், கார்பன் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கை வரும், விளக்கம் வராது. எண்ணை அச்சடித்துக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரியிடம் போங்கள். சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதே அவர் வேலை, கட்டணம் கிடையாது. எம்எஸ்பிஓ (நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்கான மலேசியச் சான்று) சான்றிதழ் உங்களிடம் இல்லையென்றால் அதையும் அவரிடமே கேளுங்கள். அது 2020 முதல் கட்டாயம், அதற்கும் தரகர் தேவையில்லை.

கொடுத்த 500 வெள்ளியை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், இரண்டு வாரம் கெடு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் பேசிய எதையும் அழிக்காதீர்கள். தராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம்: 5,000 ரிங்கிட் வரை வக்கீல் இல்லாமலே. பணம் கட்டிய ரசீதில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, அல்லது அந்த ஆளின் சொந்தக் கணக்கா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சொந்தக் கணக்கு என்றால் முதலில் போலீஸில் புகார்.