கத்திச் சொல்லிவிட்டுப் பந்தைப் பிடித்தவர்

போன இதழில் நிலாவெளி வாசகர் ஒருவர் நம் ஊர் எல்லேயும் அமெரிக்காவின் பேஸ்போலும் ஒரே ஆட்டமா என்று கேட்டிருந்தார். இரண்டிலும் அடித்துவிட்டு ஓட வேண்டும், மற்றபடி வேறு வேறு ஆட்டங்கள் என்று பதில் எழுதினேன். அதில் வில்லியம் ஹோய் என்ற காது கேளாத அமெரிக்க வீரரின் பெயரை ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மூன்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் தம்பிக்குப் பதினான்கு வயது, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எல்லே நன்றாக விளையாடுவான், ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் பள்ளிக்கூட அணியில் சேர்க்கவில்லை. உயரப் போன பந்துக்கு இரண்டு பேர் ஓடினால் கூப்பிடுவது இவனுக்குக் கேட்காது, முட்டிக்கொண்டு யாராவது காயப்படுவார்கள் என்கிறார் சேர். நீங்கள் எழுதிய ஹோய் இதை எப்படிச் சமாளித்தார்? (வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, உங்கள் சேர் சொல்லும் பயம் உண்மையான பயம்தான், அதை நான் குறைவாக எடைபோட மாட்டேன். ஆனால் இதே பிரச்சினையை ஹோய் நூறு வருடத்துக்கு முன்பே தீர்த்து, எழுதி, சுவரில் ஒட்டிவிட்டார்.

அவர் 1862இல் ஒஹாயோ மாநிலத்தில் ஹவுக்டவுன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மூன்று வயதளவில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. கொலம்பஸில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, ஊருக்குத் திரும்பிச் சப்பாத்துத் தைக்கும் கடை வைத்தார். கோடைகாலத்தில் ஊரார் வெறுங்காலோடு திரிவதால் கடையில் வேலை இருக்காது, அதனால் வாசலில் பெடியன்களோடு பந்தடித்துக்கொண்டிருப்பார். அப்படி ஒருநாள் அடித்துக்கொண்டிருந்ததை அந்த வழியாகப் போன ஒருவர் பார்த்து ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார், அதிலிருந்துதான் எல்லாம். 1886இல் ஒஷ்கோஷ் அணி, 1888இல் வாஷிங்டன் அணி. பெரிய லீக்கில், அதாவது நாட்டின் உச்ச மட்டப் போட்டியில், அந்த முதல் வருடமே 82 தடவை தளம் திருடினார். தளம் என்பது அடித்துவிட்டு ஓடுபவர் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிய இடம். தளம் திருடுவது என்றால், பந்தை யாரும் அடிக்காமலே, எதிரணி அசந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது. அந்த வருடம் அவர் அணி ஆடிய நேஷனல் லீக்கில் அவரைவிட அதிகமாக யாரும் திருடவில்லை.

இனி உங்கள் விஷயம். அவர் நின்றது மைதானத்தின் தூரப் பகுதியில் நடுவில், சென்டர் பீல்டில். பல பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவரக்கூடிய இடம், முட்டிக்கொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. ஹோய் என்ன செய்தார் என்றால், அணியின் அறைச் சுவரில் ஓர் அறிவித்தலை ஒட்டினார். எனக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும், நான் பந்தை எடுக்கப் போனால் கத்துவேன், நீங்கள் விட்டுவிடுங்கள், நான் கத்தவில்லை என்றால் நான் வரவில்லை என்று அர்த்தம், அதற்கேற்றபடி நீங்கள் பாருங்கள். சாரம் இவ்வளவுதான். அவர் போட்ட சத்தம் தொண்டையிலிருந்து வரும் ஒரு சின்னக் கிறீச்சு மாதிரி இருக்கும் என்று கூட விளையாடிய டொமி லீச் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார், அது கேட்டவுடன் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்களாம்.

கவனித்தீர்களா? மற்றவர்கள் கூப்பிடுவதை இவர் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் பண்ணிவிட்டார். கேட்கிறவர்கள் கேட்கட்டும், சத்தம் போடுவது என் வேலை என்று மாற்றிவிட்டார். உங்கள் தம்பியால் ஏதாவது ஒரு சத்தம் போட முடியும்தானே, சொல்லாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை சேரிடம் காட்டுங்கள், பயிற்சியில் ஒரு கிழமை இப்படிப் பழகிப் பார்க்கக் கேளுங்கள். தம்பி எந்த இடத்தில் நிற்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் எழுதுங்கள்.

1889 ஜூன் 19ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் மூன்று பேரை, தூரத்திலிருந்து நேராக ஹோம் தளத்துக்கு, அதாவது ஓடுபவர் கடைசியாக வந்து சேர வேண்டிய தளத்துக்கு, எறிந்து ஆட்டமிழக்க வைத்தார் ஹோய். பந்தை வாங்கியவர் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற கொனி மக். இதையும் சேரிடம் சொல்லலாம்.

கேள்வி: பேஸ்போல் நடுவர்கள் கையால் சைகை காட்டும் வழக்கம் ஹோய்க்காகத்தான் தொடங்கியது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். சரியா? (மாணவர், கிண்ணியா)

பதில்: தம்பி, எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் நடுவர் ஸ்ட்ரைக் (அடிப்பவருக்குப் பாதகமான தீர்ப்பு) என்றாரா 'போல்' (சரியாக வராத பந்து என்ற தீர்ப்பு) என்றாரா என்று ஹோய் திரும்பிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது, அவர் திரும்பியிருக்கும் நேரத்தில் பந்துவீச்சாளர்கள் அவசரமாக அடுத்த பந்தைப் போட்டுவிடுவார்கள். அதற்கு அவர் கண்ட வழி, மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் தன் அணிக்காரர் ஒருவரை நிற்க வைத்து, கையால் காட்டச் சொல்வது. இது அந்தக் காலப் பத்திரிகையிலேயே பதிவாகியிருக்கிறது. நடுவரே காட்டினார் என்பதற்குத்தான் அந்தக் காலச் சான்று தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. பேஸ்போலின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபம் அந்தப் பெருமையை பில் கிளெம் என்ற நடுவருக்குக் கொடுக்கிறது. அவர் நேஷனல் லீக்குக்கு வந்தது 1905இல், ஹோய் பெரிய லீக்கை விட்டது 1902இல்.

அந்தப் பெருமை இல்லாமலே ஹோயிடம் போதுமானது இருக்கிறது. 14 பருவங்கள், 1800க்குக் கிட்ட ஆட்டங்கள், 2000க்கு மேல் ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை எட்டுவது), 600க்குக் கொஞ்சம் குறைவாகத் திருடிய தளங்கள். இவ்வளவும் இருந்தும் கூப்பர்ஸ்டவுனில் இன்னும் இடம் கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். சின்சினாட்டி ரெட்ஸ் அணி தன்னுடைய மண்டபத்தில் 2003இல் அவரைச் சேர்த்துக்கொண்டது.

கேள்வி: அவரை எல்லோரும் 'டம்மி ஹோய்' என்றுதானே எழுதுகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் வில்லியம் என்று எழுதினீர்கள்? (வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு ஊமை என்று அர்த்தம். காது கேளாத விளையாட்டுக்காரர் எல்லோருக்கும் அதையே பட்டமாக வைத்தார்கள், நியூயோர்க் ஜயன்ட்ஸ் பந்துவீச்சாளர் லூதர் டெய்லருக்கும் அதே பட்டம்தான். 1902 மே மாதம் டெய்லர் வீச ஹோய் அடிக்க வந்தபோது, இரண்டு பேரும் சைகை மொழியில் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

ஹோய் அந்தப் பெயரைத் தன் பெயராகவே எடுத்துக்கொண்டவர், வில்லியம் என்று கூப்பிட்டவர்களைத் திருத்துவாராம். அது அவருடைய விருப்பம், மதிக்கிறேன். ஆனால் நம் ஊரில் மக்கெய்சர் மைதானத்துக்கு வெளியே ஒரு பிள்ளையை ஊமையன் என்று கூப்பிடும்போது அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதில்லை. அந்த நினைப்பில்தான் வில்லியம் என்று எழுதினேன், இனியும் அப்படித்தான் எழுதுவேன்.

அவர் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதுவும் லீச் சொன்னது. மனைவி அனாவுக்கும் காது கேட்காது, ஆகவே வாசலில் மணிக்குப் பதில் ஒரு குமிழ். அதை இழுத்தால் உள்ளே ஓர் ஈயக் குண்டு உருண்டு வந்து தரையில் தொப்பென்று விழும், அந்த அதிர்வு காலில் தெரிந்து கதவைத் திறப்பார்கள். பிறகு பால்பண்ணை நடத்தி, பேரப்பிள்ளைகள் கண்டு, 1961 ஒக்டோபரில், 99 வயதில், சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடரின், அதாவது பேஸ்போலின் வருடாந்த இறுதித் தொடரின், மூன்றாவது ஆட்டத்துக்கு முதல் பந்தை எறிந்து வைத்தார். அந்த டிசம்பரில் காலமானார்.